பழகிய வலி

அயோத்தியாப்பட்டணம்
18-6-1979

அன்புள்ள உண்ணாமலைக்கு,

ராசாத்தி எழுதுகிறேன். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த டீச்சர். நீ ஊருக்குப் போன சில நாளில் என்னையும் அனுப்பிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் மாத்திரை உறையின் பின்னால் விலாசம் எழுதிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எனக்கு மூன்றாம் வகுப்பு. முதல் நாள் கரும்பலகையில் தேதி எழுதப் போனேன். சாக்பீஸ் விரலுக்குள் நிற்கவில்லை, கீழே விழுந்தது. ஒரு பெண் ஓடி வந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. இப்போது அதில் துணியைச் சுற்றி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

காலையில் எழுந்தால் விரல்கள் கட்டை கட்டையாக இருக்கின்றன. வெந்நீரில் முக்கி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, ஒரு வழிக்கு வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் ஜவ்வரிசி ஆலைக்குக் கிளம்பும் முன் எனக்குத் தலை பின்னிவிட்டுப் போகிறார். முதல் நாள் அவர் போட்ட பின்னலைக் கண்ணாடியில் பார்த்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வரும்போது டாக்டரம்மா சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நமக்கு வந்திருப்பது சரவாங்கி என்ற மூட்டு வாதம். வயதானவர்களுக்கு வரும் முட்டித் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பு தன்னையே பகைத்துக்கொண்டு உள்ளே அழற்சியை மூட்டிவிடுகிறதாம். "தீர்த்துடறேன்னு சொல்ல மாட்டேம்மா. அடக்கி வைக்கலாம்" என்றார்.

உன் கை எப்படி இருக்கிறது? எருமையை யார் கறக்கிறார்கள்?

அன்புடன்,
ராசாத்தி


மேட்டுக்காடு, சேந்தமங்கலம் வழி
5-7-1979

டீச்சரக்காவுக்கு உண்ணாமலை வணக்கமுங்க.

எட்டாவது முடித்ததற்குப் பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

எருமையை அவரே கறக்கிறார். பால் ஊற்றப் போகிற இடத்தில் ஆட்கள் கேலி பேசுகிறார்களாம். "எங்க எருமை, நாங் கறக்கறேன், உங்களுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு வந்தார். கேலி அவருக்கும் உறைக்காமல் இருக்குமா?

என் மாமியார் சென்னியம்மாளைப் பற்றி ஆஸ்பத்திரியிலேயே சொன்னேனே. "காலையில கட்டை மாதிரி கெடக்கறா, பொழுது ஏறுனா எந்திரிச்சு நடக்கறா. இதென்ன நோவு, சூரியனைப் பாத்து வாரது?" என்று பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. பொழுது ஏறினால் கை கொஞ்சம் வேலை செய்யத்தான் செய்கிறது. அதனால்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒரேயடியாகப் படுத்துக்கொண்டால் நம்புவார்களோ என்னமோ.

ஆஸ்பிரின் வயிற்றை எரிக்கிறது. மோரில் கரைத்துக் குடிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டுக்கு எப்போது போவோம் என்று இருந்தது. இங்கே வந்த பிறகு அந்தக் கட்டில் நினைப்பாகவே இருக்கிறது. அங்கே "வலிக்குது" என்றால் உங்களுக்குப் புரியும்.

உண்ணாமலை


மேட்டுக்காடு
22-1-1980

டீச்சரக்காவுக்கு,

நல்ல சேதி இரண்டு. மூத்தவள் நல்லம்மாளுக்கு ராசிபுரம் பக்கத்தில் இடம் அமைந்திருக்கிறது. பையன் விசைத்தறிப் பட்டறையில் இருக்கிறான், சொந்தமாகக் காடும் உண்டு. வைகாசியில் கல்யாணம்.

பெண் பார்க்க வந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? நான் முந்தானையால் கையை மூடிக்கொண்டுதான் பலகாரம் வைத்தேன். பையனுடைய அத்தை ஒருத்தி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள். "ஏனுங்க, கையி இப்படிக் கோணிக்கிட்டு இருக்குது, இது பரம்பரைங்களா? பொண்ணுக்கும் வருமுங்களா?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "குச்சிக்கெழங்கு புடுங்கறப்ப சுளுக்கிக்கிச்சுங்க, செரியாப் போயிரும்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நல்லம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது சேதி அந்தக் கைக்குத்தான். சந்தைக்கு வெளியூர் மருந்துக்காரர் ஒருவர் வருகிறார். சின்னப் பொட்டலம், வெள்ளைப் பொடி, காலையில் ஒன்று. அக்கா, நான்கே நாளில் விரல் விரிந்துவிட்டது. நானே எருமை கறந்தேன். மாமியாருக்கு முன்னால் அம்மியில் அரைத்தேன். பசி எடுக்கிறது, முகம்கூடத் தெளிந்திருக்கிறது. நிச்சயத்துக்கு அந்த அத்தை வந்தாள். அவள் கையிலேயே தாம்பாளத்தைக் கொடுத்தேன்.

உங்களுக்கும் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

உண்ணாமலை


அயோத்தியாப்பட்டணம்
3-2-1980

அன்புள்ள உண்ணாமலைக்கு,

கல்யாணச் செய்தி கேட்டு நானும் அவரும் மிகவும் சந்தோஷப்பட்டோம்.

பொட்டலத்தை நான் சாப்பிடவில்லை. டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு மாத்திரையை நுணுக்குன பொடியா இருக்கும்மா. நாங்களும் குடுக்கறதுதான். அளந்து குடுப்போம், பாத்துக்கிட்டே குடுப்போம். இதுல எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். எலும்பு உளுத்துப்போகுமாம். சர்க்கரை வரும், ரத்தக் கொதிப்பு வரும், நெஞ்சுக்கும் ஆகாதாம். இன்னொன்றும் சொன்னார், இதைக் கவனமாகப் படி. தொடர்ந்து சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தாங்காது. நீ உடனே சேலத்துக்கு வா. டாக்டரம்மாவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுவார்.

நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடு. பெண்ணுக்கு வரலாம், வராமலும் போகலாம். பொய்யை வைத்து ஒரு கல்யாணத்தை ஆரம்பிக்காதே.

அன்புடன்,
ராசாத்தி


மேட்டுக்காடு
12-2-1980

டீச்சரம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

விரல் மடங்காவிட்டால் நீங்கள் லீவு எழுதிக் கொடுக்கலாம். எருமைக்கு நான் என்ன எழுதிக் கொடுப்பது? உங்களுக்குத் தலை பின்ன ஆள் இருக்கிறது. வாரா வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வீட்டு வாசலில் நிற்கிறது. நான் இங்கிருந்து சேலம் வந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாளுக்கு வீட்டில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியாது.

எலும்பு உளுத்துப்போகும் என்கிறீர்கள். போகட்டும். வைகாசி வரைக்கும் நின்றால் போதும்.

உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பெண் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இனிமேல் எழுத வேண்டாம்.

உண்ணாமலை


அயோத்தியாப்பட்டணம்
9-6-1980

அன்புள்ள உண்ணாமலைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணப் பத்திரிகை வந்தது. விலாசம் உன் வீட்டுக்காரர் எழுத்து. நீ சொல்லித்தான் அனுப்பியிருப்பார் என்று வைத்துக்கொண்டேன். எனக்குப் பெண் இல்லை என்று எழுதியிருந்தாய். அது இல்லாத குறை உனக்கு நான் சொல்லித்தான் தெரியும். பரவாயில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் கிளம்பினேன். கால் முட்டி இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன. அவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. பஸ் வந்தது. படியில் காலை வைத்தேன், ஏற முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். கண்டக்டர் பையன், "பெரியம்மா, நீங்க அடுத்த வண்டியில வாங்க" என்று விசில் அடித்துவிட்டான். எனக்கு நாற்பது வயது, உண்ணாமலை.

அடுத்த வண்டிக்கு நான் நிற்கவில்லை. கோபத்தால் வரவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது. நல்லம்மாள் நன்றாக இருக்கட்டும்.

ராசாத்தி


மேட்டுக்காடு
15-11-1981

டீச்சரக்காவுக்கு,

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

கல்யாணம் முடிந்ததும் பொடியை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே ஓடிவிட்டது. முகம் பூரித்துப் பந்து மாதிரி ஆனது. ஊரில் எல்லோரும் "மகளைக் கட்டிக் குடுத்த சந்தோசம்" என்றார்கள்.

ஆவணியில் மருந்துக்காரர் சந்தைக்கு வருவது நின்றுவிட்டது. போலீஸ் பிடித்தது என்கிறார்கள், செத்துப் போனார் என்கிறார்கள். பொட்டலம் தீர்ந்த சில நாளில் நிலக்கடலைக் காட்டில் மயங்கி விழுந்தேன். நாமக்கல் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன். சட்டென்று நிறுத்தக் கூடாது என்று நீங்கள் எழுதியது விழுகிற நேரத்தில்கூட நினைவில் இருந்தது. நிறுத்தியது நான் இல்லையே. முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருக்கிறதாம். உயரம் குறைந்துவிட்டேன். சர்க்கரையும் வந்துவிட்டது. இப்போது அவர்கள் அதே மருந்தைத்தான் மாத்திரையாகக் கொடுத்து, மாதத்துக்கு மாதம் குறைக்கிறார்கள்.

மாப்பிள்ளை வந்து பார்த்தார். எல்லாவற்றையும் நல்லம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்கத்தை. நாங்க என்ன, பொண்ணு வேண்டாமுன்னா போயிருப்போம்?" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்கள் பஸ் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எப்படி இருக்கிறீர்கள்?

உண்ணாமலை


அயோத்தியாப்பட்டணம்
24-11-1981

அன்புள்ள உண்ணாமலைக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ உயிரோடு இருக்கிறாய், அது போதும்.

நான் சொன்னது சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. உனக்குக் கை விரிந்த சேதி வந்த அன்று எனக்கு வந்தது கவலை மட்டும் இல்லை, பொறாமையும்தான். டாக்டரம்மாவிடம் போகும் வழியெல்லாம் ஒரே ஒரு பொட்டலம் சாப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது.

எனக்குத் தங்க ஊசி போடுகிறார்கள். நிஜமாகவே தங்கம் கலந்த மருந்துதான். "கழுத்துல போடாததை இடுப்புல போட்டுக்கறே" என்று அவர் கேலி செய்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது. துணி சுற்றாமல் சாக்பீஸ் பிடிக்கிறேன். போன வாரம் ஆத்திசூடி முழுவதையும் பலகையில் எழுதிவிட்டு, அழிக்க மனசு வராமல் நின்றேன்.

ஆனால் ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் எண் இன்னும் ஏறித்தான் இருக்கிறது. வெளியே அடங்கினாலும் உள்ளே அழற்சி ஓயவில்லை என்கிறார் டாக்டரம்மா. அது ரத்தத்தோடு ஓடுவதால் மூட்டோடு நிற்பதில்லையாம். இந்த நோய்க்காரர்கள் சிலருக்குச் சின்ன வயதிலேயே நெஞ்சில் கோளாறு வருவதைப் பார்த்திருக்கிறாராம். ஏன் என்று முழுதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது. "புதுசா என்ன வலி வந்தாலும் உடனே வந்து சொல்லணும்" என்றார். தினமும் எங்கேயாவது வலிக்கிறவளுக்கு எது புதுசு என்று எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

சர்க்கரைக்குச் சோற்றைக் குறை. குனியாதே.

ராசாத்தி


மேட்டுக்காடு
6-12-1982

டீச்சரக்காவுக்கு,

நல்லம்மாவுக்குப் பெண் குழந்தை. என் விரலுக்கு அவளைத் தூக்கும் தெம்பு இல்லை. முழங்கை இரண்டையும் சேர்த்து, சுள்ளி வாருவது போல வாரி எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறேன். என் மாமியார் நேற்று என் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்த வெரலு இனி நேராவாதா, சாமி?" என்று கேட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நம்பியிருக்கிறார். எனக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

குழந்தையின் விரலை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்க்கிறேன். நல்லம்மா, "சும்மா இரும்மா" என்று அதட்டுகிறாள்.

நாம் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் பார்த்துக்கொண்டதில்லை. வரும் ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு பேரும் வாருங்கள். கொல்லிமலை அடிவாரத்தில் அப்போது தண்ணீர் ஓடும். அவர் வண்டி கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுவார்.

உண்ணாமலை


அயோத்தியாப்பட்டணம்
14-7-1983

அன்புள்ள உண்ணாமலைக்கு,

ஆடிப் பதினெட்டுக்குக் கட்டாயம் வருகிறோம். அவர் லீவு சொல்லிவிட்டார். பஸ் படி ஏறுவதற்கு ஒரு முக்காலியைக் கையோடு எடுத்து வருவதாக இருக்கிறார். மானத்தை வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊசியால் கை நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது சரவாங்கி இடம் மாறியிருக்கிறது போலிருக்கிறது. இடது தோளில் ஒரு கனம். அங்கிருந்து தாடைக்கு ஏறுகிறது. மாடி வகுப்புக்குப் போகும்போது வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. மூச்சும் கொஞ்சம் வாங்குகிறது. இன்ஸ்பெக்ஷன் நெருங்குவதால் அலைச்சல். ஆஸ்பிரின் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்கிறேன். உனக்கும் தாடையில் வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாயே, அதற்கு என்ன செய்தாய்?

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவார்.

உன் பேத்திக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அளவு தெரியாது, பெரிதாகவே தைக்கச் சொன்னேன்.

அன்புடன்,
ராசாத்தி


மேட்டுக்காடு
19-7-1983

டீச்சரக்காவுக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்று படித்ததிலிருந்து இவர் வாசலுக்குச் செம்மண் பூசிக்கொண்டிருக்கிறார்.

தாடை வலி எனக்கும் வந்ததுதான். வாயைத் திறக்க முடியாது, சோற்றை மெல்ல முடியாது. கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள். சோற்றைக் குழைய வடித்துச் சாப்பிடுங்கள். பத்து நாளில் எனக்குப் போய்விட்டது. நம் நோவுதான், பயப்படாதீர்கள். மாடி ஏறுவதை மட்டும் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உண்ணாமலை


மேட்டுக்காடு
4-9-1983

மதிப்புக்குரிய குமாரசாமி அண்ணன் அவர்களுக்கு,

மேட்டுக்காட்டு உண்ணாமலை எழுதுகிறேன். டீச்சரக்காவின் காரியத்தன்று உங்கள் வீட்டில் கூட்டமாக இருந்தது, பேச முடியவில்லை. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. நெஞ்சு வலின்னு சொல்லியிருந்தா தூக்கிக்கிட்டு ஓடியிருப்பனே. ஏன் மறைச்சா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்கூடவே இருக்கிறது.

அண்ணா, அக்கா மறைக்கவில்லை. நெஞ்சு வலி என்று அவருக்கே தெரியாது. தோளும் தாடையும் வலிப்பதாக எனக்கு எழுதியிருந்தார். பழைய நோவு இடம் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஆடிப் பயணம் நின்றுவிடும் என்றுதான் உங்களிடம் சொல்லவில்லை. என்னிடம் வைத்தியம் கேட்டார். நான் உப்பு ஒத்தடம் சொன்னேன், பயப்படாதீர்கள் என்றும் எழுதினேன். எனக்கு வந்த தாடை வலி அப்படித்தான் போனது. அவருக்கு வந்தது வேறு என்று எனக்குத் தெரியவில்லை. என் கடிதம் அவர் கைக்கு வந்ததா, படித்தாரா, ஒத்தடம் கொடுத்தாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டது என்று அவரோடு வேலை பார்த்த டீச்சர் சொன்னார். பிள்ளைகள் தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தம் போடாமல் இருந்தார்களாம்.

இதை எழுதுவதால் நீங்கள் என்னைக் குறை சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மனைவி உங்களிடம் ஒளித்து வைத்துவிட்டுப் போனார் என்ற எண்ணம் உங்களுக்கு வேண்டாம்.

மருந்தை அளந்து சாப்பிட்டவர் அவர். சொன்ன நாளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். கண்ட பொடியையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் நான். நான் இருக்கிறேன், அவர் இல்லை. இதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

போன வாரம் நானாகவே பஸ் ஏறி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது டாக்டர், சின்ன வயது. நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றேன். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"வலிக்கலீங்க. வலிச்சாலும் எனக்குத் தெரியாதுங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையை வாங்கிப் பார்த்தார்.

இப்படிக்கு,
உண்ணாமலை